உப்பையும் எழுதி வைத்த உடன்படிக்கை

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம் வந்துவிடும். அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம், இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். பேருந்தில் போகிறவர்கள் எல்லையைக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் இந்தக் கரை பட்ட பாடு கொஞ்சமல்ல.

1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 பாரிஸ் உடன்படிக்கை ஊரைத் திருப்பிக் கொடுத்தது. 1778இல் மறுபடி முற்றுகை, 1783 உடன்படிக்கைக்குப் பின் மறுபடி ஒப்படைப்பு, 1793இல் மறுபடி பீரங்கி. ஊர் கை மாறியதே தவிர, சண்டைக்கான காரணங்கள் அப்படியே இருந்தன.

1814இல் ஏற்பட்ட சமாதானம் நிலைத்தது. நெப்போலியனை வென்ற ஆங்கிலேயரின் கை அப்போது ஓங்கியிருந்தது என்பது முதல் காரணம். காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை கூடாது, கோட்டை கட்டக் கூடாது என்ற நிபந்தனையைப் பிரான்ஸ் ஏற்றது. இன்னொரு காரணம் உப்பு.

மரக்காணம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாத்தியில் நீர் சுண்டி உப்புப் பூத்ததும் பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். மூட்டை கட்டினால் எங்கும் கொண்டு போகலாம். 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, எல்லை தாண்டி வரும் மலிவு உப்பு பெரிய தலைவலி. சுங்கத் தகராறு துப்பாக்கிச் சண்டையாக மாற அதிக நாளாகாது. எனவே 1815இல் தனி ஒப்பந்தம் போட்டார்கள். பிரான்சுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். 1818இல் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பள உரிமையாளர்களின் இழப்பீட்டுக்காக ஆண்டுதோறும் 4,000 நட்சத்திர வராகன் ஒதுக்கப்பட்டது. பாத்தியில் இறங்கி உழைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தச் சமாதானத்தின் பெரிய குறை அது.

சண்டைக்குக் காரணமாகக்கூடியதை முன்கூட்டியே எழுதி வைக்கும் கவனம், புதுச்சேரியின் இணைப்புப் பேச்சு வந்த 1954இலும் தெரிந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அரசு ஊழியரின் வேலை, மக்களின் குடியுரிமைத் தேர்வு, பிரெஞ்சு மொழியின் இடம் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தது.

அந்தக் கவனம் கிடைக்காதவர்களும் இதே கரையில் இருக்கிறார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு. இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிப் புதிய வீடுகளையும் அறிவித்தது. முகாமிலேயே பிறந்து வளர்ந்து, பெயிண்ட் வேலைக்குப் போகும் இளைஞர்கள் தமிழகமெங்கும் உண்டு. பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. பிறகும் ஏன் எல்லோரும் திரும்பவில்லை? 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கை அரசியலமைப்பில் 13ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் பிறந்தன. காணி (நிலம்), போலீஸ் அதிகாரங்கள் மட்டும் காகிதத்திலேயே தங்கின. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்கள் தங்கள் காணியின் ஒரு பகுதியைப் பார்க்கவே கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

வட அயர்லாந்தின் அனுபவம் வேறு. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பின் 2001இல் அங்கே போலீஸ் படையையே புதிதாக அமைத்தார்கள். பத்தாண்டுகள் புதிய ஆட்களில் பாதிப் பேரைக் கத்தோலிக்கரிலிருந்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சீருடையில் நிற்கும்போது காவல் நிலையத்துக்குள் போகும் பயம் குறைகிறது.

திரும்ப நினைக்கும் குடும்பத்தின் கேள்விகள் எளியவை. எங்கள் காணி யார் கையில்? காவல் நிலையத்தில் தமிழில் புகார் எழுதுவார்களா? பிள்ளையின் படிப்புச் சான்று செல்லுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை தருவது கொழும்பின் கடமை. 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இந்தியாவுக்கு அதை விடாமல் கேட்கும் பொறுப்பு உண்டு. இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறப்பதும் டெல்லியின் கையில்தான் இருக்கிறது.