கடையை விட்டு ஓர் அடி வெளியே

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, சுயதொழில் செய்யும் பழைய மாணவிகளின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றுதான் சொல்வார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. இன்று கடையைப் பற்றிப் பேசப்போகிறோம். பசறை டவுனில் நாங்கள் ஒரு டிஸ்பென்சரி நடத்துகிறோம். ‘நாங்கள்’ என்றால் இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர். ஒருத்தி வைத்தியர், மற்றவள் மருந்தாளர். வைத்தியர் இப்போது மைக்குக்கு முன்னால் நிற்கிறாள். மருந்தாளர் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். பிழையாக ஏதாவது சொன்னால் கையைத் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.

டிஸ்பென்சரியும் கடைதான். வாடகை, கரண்ட் பில், கடனுக்கு வாங்கிவிட்டு வராதவர்கள், சொல்லாமல் லீவு போடும் வேலைக்காரர்கள் என்று உங்கள் தையல் கடைக்கும் பேக்கரிக்கும் உள்ள எல்லாம் எங்களுக்கும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் எங்களை லிப்டன் சீட்டுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். அப்புத்தளையிலிருந்து டம்பத்தன்னை வழியாக ஏறினோம். மேலே போனதும் டீச்சர், “லிப்டன் துரை இங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்ப்பாராம்” என்றார். எங்களில் ஒருத்தி கேட்டாள்: “பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா டீச்சர்? வேலை ஒன்றும் இல்லையா?” எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வியின் கனம் எங்களுக்குப் புரிய இருபத்தைந்து வருடம் பிடித்தது.

லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சின்ன மளிகைக் கடை திறந்தவர். ஆரம்பத்தில் எல்லா வேலையும் அவர் கையால்தான். 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்கள் வாங்கியபோது அவருக்கு நூற்றுக்கணக்கில் கடைகள் இருந்தன. தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, அளவு குறித்த பக்கெட்டில் அடைத்து விற்றார். கவுண்டருக்குப் பின்னால் நின்று அள்ளிக்கொண்டே இருந்திருந்தால் அந்த யோசனை வந்திருக்குமா தெரியாது. ஆனால் அவர் மேலே உட்கார்ந்து யோசித்த நேரமெல்லாம் கீழே கூடையோடு நின்றவர்கள் நம்முடைய பூட்டிமார். அதை மறந்துவிட்டு லிப்டனைப் புகழ எங்களால் முடியாது.

இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகிறது. நாம் லயத்தில் வளர்ந்தவர்கள், அல்லது லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள். நமக்கு வேலை என்றால் கை அசைய வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர். விடிந்தால் பெரட்டு. நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தவளைக் கங்காணி சத்தம் போட்டான். அந்தச் சத்தம் இன்னும் நம் காதுக்குள் இருக்கிறது. சொந்தக் கடை வைத்து, நாமே முதலாளி ஆன பிறகும், பகல் இரண்டு மணிக்கு ஒரு கதிரையில் உட்கார்ந்து கடையைப் பற்றி யோசித்தால், நமக்கு நாமே அரைப்பேர் போட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கதையைச் சொல்கிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் எட்டு வருடம் எல்லாமே நாங்கள்தான். பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது, கார்ட் எழுதுவது, காசு வாங்குவது, மருந்து வரவில்லை என்று பதுளைக்குப் போன் எடுப்பது, இரவில் நிலம் கூட்டுவது வரை. யாருக்கு என்ன மருந்து என்பது பாதி கார்டில், மீதி வைத்தியரின் தலைக்குள். அதில் ஒரு பெருமையும் இருந்தது. “டொக்டர் அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம்” என்று சனம் சொல்லும்போது குளிர்ந்து போவோம்.

பிறகு வைத்தியருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. ஒரு வாரம் என்று நினைத்துப் போனது சிக்கலாகி ஆறு வாரம் ஆயிற்று. டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. பதிலுக்கு ஒரு வைத்தியரை ஒழுங்கு செய்யவில்லை. செய்திருந்தாலும் எங்கள் கார்டைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நமுனுகுலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வருவார். ஐம்பத்து நான்கு வயது, இன்னும் பேருக்குப் போகிறவர். அவருக்குப் பிரஷர் கூட. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாத்திரை இலவசம்தான். ஆனால் கிளினிக் நாளில் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் வேலை முடிந்து பின்னேரத்தில் எங்களிடம் வருவார். இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மாத்திரை முடிந்தது. ஐந்தாவது வாரம் பாரிசவாதம். உயிர் பிழைத்தார். வலது கை வரவில்லை. கொழுந்து எடுத்த கை.

அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “நீங்களும் சுகமில்லாமல்தானே அம்மா இருந்தீங்க” என்றார். அந்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. எங்கள் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் கடையை ஒரு மனுஷியின் உடம்பின் மேல் கட்டியிருந்தோம், அந்த உடம்பு விழுந்ததும் கடையும் விழுந்தது.

வைத்தியம் படித்தவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாமல் இருக்காது. எங்களுக்கும் தெரியும். அதிலிருந்து எடுக்க வேண்டியதைத்தான் எடுக்காமல் இருந்தோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபோது வயது 58. இளவயதிலேயே வந்த மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டு ஆயிரமாயிரம் கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். ஓய்வுக்குப் பிறகு 11 கட்டில்களோடு மதுரையில் ஆரம்பித்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே சேர்ந்து நின்ற சின்ன இடம். தன் கைத்திறமையை மட்டும் நம்பியிருந்தால் அது ஒரு கைராசிக்கார டாக்டரின் ஆஸ்பத்திரியாக இருந்து, அவரோடு முடிந்திருக்கும். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர், தன் இரண்டு கைகள் எத்தனை என்று அவர் கணக்குப் பார்த்தார். மக்டொனால்ட்ஸ் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உணவு கொடுக்கிறார்களே, கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். பெரிய டாக்டர் ஒருவர் கேட்க வெட்கப்படுகிற கேள்வி இது.

அங்கே சத்திரசிகிச்சை அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் வேலை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தம். முடிந்ததும் டாக்டர் திரும்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். கண்ணை அளப்பது, ஆயத்தம் செய்வது, பிறகு பார்த்துக்கொள்வது எல்லாம் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்கிறார். காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் காசில்லாதவர்களுக்கும் பார்க்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் அதைச் செய்ய ஓரோலாப் என்று சொந்தமாகவே ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். கத்தியைப் பிடித்தபடி இந்த முடிவுகளை எடுக்க முடியாது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, இரண்டு வாரத்துக்கு, யார் வந்து எங்களிடம் எதைக் கேட்டாலும் எழுதினோம். சில்லறை எங்கே, இந்த அம்மாவின் கார்ட் எங்கே, அவருக்குக் கடன் கொடுக்கலாமா. பாதிக்கு மேல் அதே ஐந்தாறு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப. அவற்றுக்குப் பதிலை எழுதிச் சுவரில் ஒட்டினோம். எல்லாக் கார்டையும் அடுத்தவர் படித்து விளங்கும்படி திருத்தி எழுதினோம்; அதற்கு மட்டும் நான்கு மாதம் போயிற்று. மருந்தை எழுதுவதும் கொடுப்பதும் சட்டப்படி எங்கள் பொறுப்பு, அதை யாரிடமும் விட முடியாது. மற்றதை விடலாம்.

ஏ.எல். முடித்த ஒரு பிள்ளையை எடுத்தோம், நம் பாடசாலைப் பிள்ளைதான். ஐந்து மாதத்தில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள். பிழை எங்களுடையது. வேலையைக் கொடுத்துவிட்டு, அவள் பிரஷர் பார்த்த கையோடு நாங்கள் திரும்பப் பார்த்தோம், அதுவும் நோயாளிகளுக்கு முன்னால். அப்படிச் செய்தால் யார் நிற்பார்கள்? இரண்டாவது பிள்ளைக்கு முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம், பிறகு வாயை மூடிக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் அதுதான் மிகக் கடினமான வைத்தியம்.

அடுத்தது புதன்கிழமை. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மேல் அறையில் இருப்போம், போன் கீழே. முதல் சில புதன்கள் வெட்டியாகப் போயின. கை சும்மா இருக்காமல் மருந்துப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வராதவர்களின் கார்டுகளை எடுத்துப் பார்த்தோம். வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம், வராதவர்களை எப்போது பார்ப்பது? தூரத் தோட்டங்களின் ஆட்கள் மாதக் கடைசியில் மறைந்துவிடுகிறார்கள், சம்பளம் போடும் பத்தாம் திகதிக்குப் பிறகு வருகிறார்கள். இடையில் இரண்டு வாரம் மாத்திரை இல்லை. எட்டு வருடம் கண்ணுக்கு முன்னால் நடந்தது, எங்களுக்குத் தெரியவே இல்லை. அதன் பிறகு சம்பள வாரத்திலேயே முழு மாத மாத்திரையையும் கொடுக்கும்படி மாற்றினோம். மீதிக் காசைத் தவணையாக வாங்கிக்கொள்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மேலே தோட்டத்துக்கே போகிறோம்.

இதற்கு ‘மூலோபாயம்’ என்று பெரிய பெயர் இருக்கிறது. நம் அம்மாமாருக்குத் தெரிந்த சொல் கவ்வாத்து. பச்சையாக இருக்கும் செடியைத் துணிந்து வெட்டுகிறார்கள். சில மாதம் அந்த மலையில் கொழுந்து இல்லை. ஆனால் ஒரே வருடத்தில் தோட்டம் முழுவதையும் வெட்டமாட்டார்கள், மலை மலையாக முறை வைத்துத்தான் வெட்டுவார்கள். ஆகவே கடையை ஒரு மாதம் பூட்டிவிட்டு யோசியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. புதன் பின்னேரம் போதும். நாட்கடன் எடுத்துத் தனியாளாகக் கடை நடத்தும் தங்கைக்கு அதுவும் முடியாது, அது எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அரை மணி நேரம், ஒரு கொப்பி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். தீபாவளி என்றால் இரவு இரண்டு மணி வரை மெஷின் ஓடும். நாங்கள் நச்சரித்ததில் ஒரு மாதம் எந்த உருப்படிக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதினாள். லைனிங் வைத்த சட்டைக்கு இரண்டு மடங்கு நேரம், கூலியோ கிட்டத்தட்ட அதே கூலி. ஜனவரியில் அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணியைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரைத்தான் அவள் ‘சில்லறை வேலை’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று வீசும் ஜூலை, ஓகஸ்ட் மாத ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு இருப்பது போல, அவளுடைய பருவம் ஜனவரி என்று அப்போதுதான் கண்டாள்.

ஆனால் வெட்டும் வேலையை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. “பழகிக்கொண்டு முன்னாலேயே கடை போட்டுவிடுவாள்” என்றாள். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஒருத்தி உண்மையாகவே நான்கு கடை தள்ளிக் கடை போட்டாள். மூன்று மாதம் எங்கள் தோழி அவளுடன் பேசவில்லை. இப்போது தீபாவளிக்கு மிஞ்சும் துணிகளை அங்கேதான் அனுப்புகிறாள். மனம் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பத்து மணிக்குக் கடையைப் பூட்டுகிறாள். போன மாதம் எங்களிடம் வந்தபோது பிரஷரும் இறங்கியிருந்தது. (சீனியைப் பற்றிப் பேசமாட்டோம் என்றோம், பிரஷரைப் பற்றிச் சொல்லவில்லை.)

பெண்களுக்கு இன்னொரு கடையும் இருக்கிறது, வீடு. அதற்குப் புதன் பின்னேரம் கிடையாது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு நாங்கள் இருவரும் இன்னும் நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தியின் வீட்டில் கணவர் இரவுச் சமையலை எடுத்திருக்கிறார். மற்றவளின் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வரிசையில் கை உயர்கிறது, ஆகவே அதை இத்தோடு விடுகிறோம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வீட்டிலேயே சமைத்து விற்கும் நம் அக்காமார் இந்த உரையை மலரில் படிப்பார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். அவர்களுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தபாலில் அனுப்பத் தயார்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. இடது கையால் கார்டை நீட்டுகிறார். இன்று சனிக்கிழமை, டிஸ்பென்சரி திறந்திருக்கிறது. பதிலுக்கு ஓர் இளம் வைத்தியரும் மருந்தாளர் ஒருவரும் இருக்கிறார்கள், கார்ட் எடுத்துக் கொடுக்க எங்கள் பிள்ளை இருக்கிறாள். இங்கே வந்து மூன்று மணி நேரமாயிற்று, ஒரு போனும் வரவில்லை. மருந்தாளர்தான் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டாள்.