எட்டரை மணி மழை



போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு வானிலைப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு திரை, மொட்டை மாடியில் வைக்க மழைமானியும் வெப்பமானியும். நடுவில் ஒயர் கிடையாது. மாடியில் இருக்கும் கருவி தான் அளந்ததைச் சின்ன ரேடியோ அலையாக அனுப்பும், கூடத்துத் திரை அதை வாங்கிக் காட்டும்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். கடிகாரம் மட்டும் சரியா நேரம் காட்ட மாட்டேங்குது. தானே நேரம் வச்சுக்கும்னு பையன் சொன்னான். மூணு நாளா ஒரு கோபுரப் படம் மினுக்கிட்டே இருக்கு" என்றார் பெரியவர்.

அந்தக் கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போது வானொலியில் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது போல, அதுவும் ஒரு நிலையத்தைக் கேட்கப் பார்க்கிறது. பிராங்பர்ட் பக்கம் மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரில் இருக்கிறது அந்த நிலையம். நம் சென்னை நிலையம் மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸ் என்றால், அது 77.5 கிலோஹெர்ட்ஸ், மிக நீண்ட அலை. பாட்டு, செய்தி ஏதும் இல்லை. இராப்பகலாக நேரம் சொல்வதுதான் அதன் வேலை. நொடிக்கு ஒரு தடவை அலையின் பலம் வெகுவாகக் குறையும். அந்தக் குறைவு நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடித்தால் ஒரு குறி, பத்தில் இரண்டு பங்கு நீடித்தால் வேறு குறி. ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேட்டால் மணி, தேதி, கிழமை எல்லாம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் வாங்கிய பெட்டியானால் கொலராடோவில் இருந்து 60 கிலோஹெர்ட்சில் வரும் அலையைத் தேடும். ஜப்பானிலும் இப்படி உண்டு. ஜெர்மனி அலை எட்டுவது ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். சென்னையில் உட்கார்ந்து அதைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

அலை தேடுவதை அணைத்துவிட்டு, வானொலியில் மணி சொல்லும்போது நேரத்தைக் கையால் வைக்கச் சொன்னேன். இப்போது கடையில் வாங்குகிறவர்கள் வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இணையத்தில் இருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நேர மண்டலத்தை ஐந்தரை என்று வைக்க வேண்டும். ஐந்து என்றோ ஆறு என்றோ விட்டால் அரை மணி நேரம் தப்பிப் போகும். அரை மணிதானே என்று விட்டுவிடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

நேரமும் வானிலையும் சென்னையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வான் ஆய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்துத்தான் 'மெட்ராஸ் நேரம்' கணக்கிட்டார்கள். இந்திய ரயில்கள் பல காலம் அந்த நேரத்துக்குத்தான் ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 நொடி முன்னால். 1906இல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தபோது கடிகாரம் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னால் போனது. அந்த இடத்தில் இன்று வானிலை மையம் இருக்கிறது. பழைய கருங்கல் தூண் ஒன்றும் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

நானும் வேறு ஊர்களில் 30 வருஷம் மழை அளந்தவன். என் நாள் நள்ளிரவில் மாறாது, காலை எட்டரைக்குத்தான் மாறும். நாடு முழுக்க மழைக் கணக்கு எட்டரையில் இருந்து எட்டரை வரை. தீபாவளியானாலும் சரி, புயலானாலும் சரி, எட்டு இருபத்தைந்துக்கு அளவுக் குடுவையும் கையுமாக மழைமானிப் பக்கத்தில் நிற்க வேண்டும். குடுவைக்குள் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து குழியின் அடியைப் படிக்க வேண்டும். குனியச் சோம்பல்பட்டு மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும்.

வீட்டுப் பெட்டி நள்ளிரவு பன்னிரண்டுக்கு அன்றைய மழையைச் சுழியாக்கிவிடும். அதனால் உங்கள் திரையும் மறுநாள் பேப்பரும் ஒத்துப்போகாது. பெட்டி தப்பாகக் காட்டுகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். காலை எட்டரைக்கு, நள்ளிரவில் சுழியாகாத மொத்த மழை எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். நேற்று எட்டரைக்கு எழுதியதைக் கழித்துவிடுங்கள். கடிகாரம் அரை மணி தப்பியிருந்தால், காலையில் அடித்துப் பெய்த மழை எந்த நாள் கணக்கில் சேர்வது என்பதே மாறிவிடும்.

பெட்டியோடு வரும் மழைமானியின் உள்ளே ஒரு தடவை பார்க்க வேண்டும் நேயர்களே. புனலைக் கழற்றினால் குழந்தைகள் ஏறி ஆடும் ஏற்றப்பலகை போல ஒரு துண்டு இருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு சின்னத் தொட்டி. ஒரு தொட்டி நிறைந்ததும் 'டிக்' என்று சாய்ந்து கொட்டிவிடும், அடுத்தது புனலுக்கடியில் வந்துவிடும். அதில் ஒட்டிய காந்தம் ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு சுவிட்சைத் தட்டும். ஒரு சாய்வு என்பது பல பெட்டிகளில் 0.3 மில்லிமீட்டர் மழை, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகமான தண்ணீர்.

அது சரியாக எண்ணுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். புனல் வாயின் குறுக்களவு 11 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 95 சதுர சென்டிமீட்டர். 95 மில்லிலிட்டர் தண்ணீரை, மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். திரையில் 10 மில்லிமீட்டர் பக்கம் வர வேண்டும். மடமடவென்று ஊற்றினால் தொட்டி சாயும் நேரத்தில் தண்ணீர் வீணாகி, எண்ணிக்கை குறைந்துவிடும். பேய்மழையில் இந்தக் கருவி சற்றுக் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான்.

ஒரு வீட்டில் ஐப்பசி மழை கொட்டுகிறது, திரையில் சுழி. மாடிக்கு ஏறிப் புனலைக் கழற்றினேன். சிலந்தி ஒன்று இரண்டு தொட்டிகளையும் சேர்த்து நூல் கட்டி வைத்திருந்தது. புனல் அடியில் வேப்பிலைக் காம்புகள். ஒரு பழைய டூத் பிரஷ் போதும், இரண்டே நிமிஷ வேலை. இன்னொரு வீட்டில் சித்திரை வெயிலில் தினம் 12 மில்லிமீட்டர் மழை! பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து தெறித்திருக்கிறது. தொட்டி, சுவர், மரம் எதுவானாலும், மழைமானியின் வாய்க்கு மேல் அது எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்.

வெப்பமானிக்கு வருவோம், நேரம் குறைவாக இருக்கிறது. கையேட்டில் வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லியிருப்பார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி, அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சிக்கு வரும் சூரியன், அப்புறம் ஆகஸ்ட் நடுவரை வடக்கே சாய்ந்திருக்கிறது. நல்ல கத்திரியில் வடக்குச் சுவரில் வெயில் விழும். எந்தப் பக்கமானாலும் காற்றோட்டமான வெள்ளைக் கூண்டுக்குள், தளத்தின் சூடு தாக்காமல் இடுப்புயரத்துக்கு மேல் இருக்கட்டும். பேட்டரி போட்டதும் திரையையும் மாடிக் கருவிகளையும் ஒரே மேசையில் வைத்து ஒன்றையொன்று கண்டுகொள்ள விடுங்கள், பிறகு கருவிகளை மாடிக்குக் கொண்டுபோங்கள். அட்டையில் 100 மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. நம் கான்கிரீட் தளம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

திரையில் வரும் மேகப் படத்தை நம்பித் துணி காயப்போடாதீர்கள். காற்றழுத்தம் இறங்கினால் மேகம் காட்டுவது அதன் வழக்கம். நம் பக்கத்தில் அழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நாலு மணி வாக்கில் தானே இறங்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மழையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத் தூரம்தான். நடுவில் இருந்த தெருக்களில் எத்தனை பெய்தது என்று எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பத்து மில்லிமீட்டர் மழை ஆயிரம் சதுர அடி மாடியில் 930 லிட்டர், அறுபது குடத்துக்கு மேல். இந்த ஐப்பசிக்கு முன்னால் புனலைத் துடைத்து, கடிகாரத்தைச் சரிபார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பெரியவர் ஆரம்பித்துவிட்டார். நேற்றுக் காலை எட்டு முப்பத்தொன்றுக்கு எனக்குப் போன் வந்தது: "நம்ம தெருவுல நாலு புள்ளி ரெண்டு சார்."