கொச்சியில் அச்சான சிறுவர் நூல்

டிசம்பர் வந்தால் கொச்சி பிராட்வே கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். பெற்றோர் கைபிடித்து வரும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள்.

சிறுபிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைச் சொல்லித்தர ஒரு தமிழ் நூல் இதே கொச்சியில் 1579-இல் அச்சேறியது. பெயர் ‘கிரிசித்தியானி வணக்கம்’. போர்ச்சுகலில் மார்கோஸ் ஜோர்ஜ் என்ற பாதிரியார் சிறுவர்களுக்காக எழுதியதை, முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் தமிழாக்கினார். முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். இது நூறு பக்கத்துக்கும் மேல்.

ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே கேள்வி-பதில். அதுதான் நூலின் அமைப்பு.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு வாரத்துக்கு ஒருமுறைதான். வீட்டு ஜெபமோ தினமும் உண்டு; அந்த நூலின் கேள்வி-பதில் முறையை அங்கேயும் தொடரலாம். இன்றிரவு ஜெபம் முடிந்ததும் பிள்ளையை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்; பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.