கழக்கூட்டத்துப் பிள்ளையும் அவர் குடும்பமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் நாம் வரலாற்று அறிஞர் அல்லோம். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு எமது. ஆயினும், பிழைக்க வந்த ஊரின் பழங்கதையை அறிந்துகொள்ளுதல் குடியிருப்போரின் கடமை என்று கருதியே இம்மேடை ஏறினோம்.

கழக்கூட்டம் என்றால் இன்று நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவன 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும், 1990இல் தோன்றிய டெக்னோபார்க்கும், அருகே தும்பாவில் 1963இல் வானிற் பாய்ந்த முதல் இராக்கெட்டுமே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்போ, இவ்வூர்ப் பெயரைக் கேட்ட வேணாட்டு அரசர்களுக்கே உறக்கம் வராதாம். எட்டுவீட்டில் பிள்ளைமார் எனப்பட்ட எண்மருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். இராமநாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், பள்ளிச்சல் ஆகியன மற்ற எழுவரின் வீடுகள். ‘பிள்ளை’ என்பது இங்கே நம் நாட்டுச் சாதிப் பெயரன்று. நாயர் தலைவர்களுக்கு உரிய பட்டம்.

பத்மநாபசுவாமி கோயில் நிலங்களில் வரி தண்டுதலும், தம் பகுதியில் படை திரட்டுதலும் இவர்கள் கையில் இருந்தன. ஆங்கில நாட்டுப் பிரபுக்களும் இத்தகையோரே. 1215இல் ஜான் மன்னரை மகாசாசனத்திற்கு இணங்கச் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் காலத்தவரான வில்லியம் மார்ஷல் என்னும் வீரர், நிலமற்ற இளைய மைந்தராகப் பிறந்து, வாள் வலியால் பெருஞ்செல்வராகி, 1216இல் சிறுவயது மன்னனுக்குப் பாதுகாவலரானார். எழுபது வயதளவில் 1217இல் லிங்கன் நகரப் போரில் குதிரையேறிச் சென்றார். அத்தகைய வீரருக்கும் ஒரு குறை நேர்ந்தது. 1219இல் அவர் மறைந்தபின் மைந்தர் ஐவரும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டமேற்று, வாரிசின்றி 1245க்குள் மாண்டனர். சொத்து பெண்மக்களின் வழியினருக்குப் பிரிந்தது.

அங்கே இயற்கை செய்ததை இங்கே அரசியல் செய்தது.

வேணாட்டில் மருமக்கள் தாயம் வழங்கிற்று. அரசருக்குப்பின் மகனல்லன், சகோதரியின் மகனே பட்டத்துக்கு உரியவன். 1729இல் இராமவர்மர் மறைந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறினார். மறைந்த அரசரின் மைந்தர்களாகிய தம்பிமார் இருவரும் உரிமை கோரினர். பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றனர். தலைவர்களை அடக்கவே 1726இல் இராமவர்மர் மதுரை நாயக்கரின் படையுதவியை நாடியிருந்தார் என்பதை நோக்கினால், பகை எவ்வளவு பழையது என்பது விளங்கும். தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். அவர்தம் முடிவை நம் தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டு ‘தம்பிமார் கதை’ என்று இன்றும் வைத்திருக்கிறது.

பிள்ளைமார் பிடிபட்டுக் கொலையுண்டனர். வீடுகள் இடிக்கப்பட்டுக் குளமாக வெட்டப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இவ்வாறு மரபுவழி வரலாறு கூறும். பிற்காலத்தார் எழுதியதாகலின், முழுதும் அப்படியே நடந்ததா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். நம் அண்டை வீட்டார் ஒரு குடும்பம் கெட்டுப்போனால் ‘குளம் தோண்டி’ என்பர். அச்சொல் இக்கதையிலிருந்தே பிறந்தது என்போர் உண்டு. சி. வி. இராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891இல் வெளிவந்தபின் இப்பெயர்கள் வீடுதோறும் பரவின.

மார்த்தாண்டவர்மரின் பெருமையை மறுப்போமல்லோம். 1741இல் குளச்சலில் டச்சுப்படையை வென்றவர். 1750இல் நாட்டையே பத்மநாபருக்குக் காணிக்கையாக்கியவர். எண்மர் எட்டுத்திக்கும் இழுத்தால் நாடு ஒன்றாகாது என்பதும் மெய்யே.

இக்கதையை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது நம் இளைய மகள் கேட்டாள்: “அப்பா, அந்தக் குழந்தைகள் என்ன தப்பு செய்தார்கள்?” பதில் சொல்ல இயலாமல் கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். பிள்ளையின் பட்டம் நூல்களில் நிற்கிறது. அவருடைய மனைவி, மருமக்கள் பெயர்கள் நாம் படித்த நூல் எதிலும் இல்லை. தறவாட்டு முற்றத்தில் விளையாடியவை மணலில் யார் குடிலில் உறங்கினவோ!

கோபமுற்ற ஆடவர் இருவர் பொருதினால், விலை கொடுப்பது அடுக்களையும் தொட்டிலுமே. நம் காலனியில் எழும் சிறுபூசல்களுக்கும் இது பொருந்தும். தேர்தலிலோ, தண்ணீர்க் குழாயிலோ தந்தைமார் பகைத்தால், மறுநாளே பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது நின்றுவிடுகிறது. இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். நாமும் ஒருமுறை அவ்வாறு நடந்து பின்னர் வெட்கினோம்.

அன்பர்களே, ஊர்விட்டு வந்த நமக்கு நிலமில்லை, கோட்டையில்லை. இருப்பது குடும்பமும் அண்டை அயலும்தான். நம் சினத்திற்கு அவர்களைப் பிணை வைக்காதிருப்போம். இதுவே இம்மண்ணின் பிள்ளைவீட்டுக் குளம் நமக்குக் காட்டும் நிழல்.