கடிகாரத்தைப் பார்த்து ஓடினேன்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்த அரங்கில் மற்றவர்களைப் பேச அழைப்பதுதான் என் வேலை. இன்று என்னையே அழைத்துவிட்டார்கள். உடற்பயிற்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மெக்ரிட்சி காட்டில் ஓடிய கதையைச் சொல்கிறேன். அதில் நான் வெட்கப்பட்ட கதையும் இருக்கிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெகுஜனத் தொடர்பியலில் பட்டயம் பெற்ற நாளிலிருந்து என் வாழ்க்கை விளக்கொளிக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே போனது. இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு. 33 வயதில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கவனம்" என்றார் மருத்துவர். பயந்துபோய் ஓடத் தொடங்கினேன். உடன் பணிபுரியும் தோழி ஒருவர்தான் என்னை மெக்ரிட்சிக்கு அழைத்துப் போனார்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 11 கிலோமீட்டர். சாலையோரம் ஓடிப் பழகியவர்களுக்கு அங்கே முதல் பாடம் பணிவு. மரவேர்கள் படிக்கட்டுபோல் குறுக்கே கிடக்கும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும். மேடு, பள்ளம், மறுபடியும் மேடு. மேட்டில் வேகமாக நடந்தாலே போதும், ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை. இறக்கத்தில் சிறு சிறு அடியாக வைக்கவேண்டும். கண் காலடியில் இருக்கக்கூடாது. நான்கைந்து அடி முன்னால் பார்க்கவேண்டும். இதையெல்லாம் இரண்டு முறை விழுந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதும் கூடவே ஒரு நோயும் வந்தது. கைக்கடிகார நோய்! போன வாரத்தைவிட ஒரு நிமிடம் குறைந்ததா என்பதே கவலை. ஓராண்டு இப்படியே ஓடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் அப்பாவுடன் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "வாரா வாரம் மெக்ரிட்சிக்குப் போறியேம்மா, அங்கே லிம் போ செங் சமாதி இருக்குமே, பார்த்தியா?"

"அந்தப் பக்கமாத்தான் போறேன்பா. நின்னு பார்த்ததில்ல."

"அவர் யாருன்னாவது தெரியுமா?"

நேயர்களே, அந்தப் பெயரைச் செய்திக் குறிப்பில் நான் வாசித்திருக்கிறேன். உச்சரிப்பில் பிழையே இருந்திருக்காது. ஆனால் அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

அன்றிரவு படித்தேன். லிம் போ செங் 1909ல் பிறந்தவர். ஜப்பானியரை எதிர்த்த 136ஆம் படையில் சேர்ந்து, 1943ல் நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாவுக்குள் இரகசியமாக வந்தவர். 1944ல் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் உடனிருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 29ஆம் தேதி பத்து காஜா சிறையில் உயிர்விட்டார். போர் முடிந்தபின் 1946ல் அவரது உடல் மெக்ரிட்சியில் அடக்கம் செய்யப்பட்டது. இறந்தபோது அவருக்கு வயது 35. இப்போது என் வயதும் அதுதான்.

அதே நீர்த்தேக்கத்தின் மேற்குப் பக்கக் காட்டுக்குள் சியோனான் ஜின்ஜா என்ற ஜப்பானியக் கோயிலின் இடிபாடு இருக்கிறது. 1942ல் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் கொண்டு அதைக் கட்டத் தொடங்கினார்கள். 1945ல் தோற்றதும் ஜப்பானியரே அதை அழித்தனர். கருங்கல் நீர்த்தொட்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. 2002ல் அது வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இதை அப்பாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் போர்க்காலத்துலதான் உன் தாத்தாவை ஜொகூர் தோட்டத்திலேருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனாங்க" என்றார். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் போன அந்தப் பாதையிலிருந்து தாத்தா திரும்பி வந்தார். ஆனால் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லையாம். எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. இன்று கேட்க அவர் இல்லை.

எங்கள் ஓட்டக் குழுவில் சிலர், அந்த இடிபாட்டைப் படம் எடுக்கலாம் வா என்று அழைத்தார்கள். நான் போகவில்லை. அங்கே முறையான பாதை கிடையாது. பாதையை விட்டு நாலு பேர் இறங்கினால் நாற்பது பேர் பின்னால் வருவார்கள். இளஞ்செடிகள் மிதிபடும், மண் இறுகும். 1868ல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் சுரக்கவேண்டும் என்பதால்தான் இந்தக் காடு வெட்டப்படாமல் தப்பியது. தண்ணீருக்காகக் காத்த காட்டை ஒரு படத்துக்காக நாம் மிதிக்கலாமா? நினைப்பதற்கு அங்கே போய் நிற்கவேண்டும் என்பதில்லையே!

நேயர்களே, ஓடுங்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஓடுங்கள். காட்டுப்பாதைகள் காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழு மணிக்கு மூடப்படும். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். பையில் தின்பண்டத்தைக் காட்டிக் குரங்குகளை அழைக்காதீர்கள். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

போன மாதம் அப்பாவை மெல்ல நடத்தி அந்தச் சமாதிக்கு அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். பக்கத்தில் ஓடியவர்கள் மூச்சிரைக்கக் கடந்து போனார்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் சர்க்கரை குறைந்திருக்கிறது. ஒரு சுற்று ஓடும் நேரம் பத்து நிமிடம் கூடியிருக்கிறது. இரண்டும் எனக்கு மகிழ்ச்சியே. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இன்று நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு கேள்வியாவது கேளுங்கள்.