பிறர் பிள்ளைகளுக்கு மருந்திட்ட தாய்
(பெண்கள் பயான் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உம்மு அதிய்யா (ரலி) என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மய்யித்தைக் குளிப்பாட்டும் சட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் ஆலிம்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அதோடு விட்டு விடுவார்கள். அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று சொல்வதில்லை.

அவர் மதீனாவின் அன்சாரிப் பெண்மணி. இயற்பெயர் நுசைபா. உஹதுக் களத்தில் வாளேந்தி நின்ற உம்மு உமாரா (ரலி) அவர்களின் பெயரும் நுசைபாதான். மேடையில் பேசுகிற பலர் இருவரையும் ஒருவராக்கி விடுகிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. இவர் வாளேந்தியவராக அல்ல, வாள் வெட்டுக்கு மருந்திட்டவராக அறியப்படுகிறார்.

நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்றவர். படையினரின் மூட்டை முடிச்சுகளுக்குக் காவல் இருந்து, சமைத்துப் போட்டு, காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்து, நோயாளிகளைக் கவனித்ததாக அவரே சொல்லும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஏழு தடவை, சகோதரிகளே! பாலைவனப் பயணம், இரத்தம், இரவு முழுக்க முனகல் சத்தம். ஒரு தடவை பார்த்தவர் மறு தடவை போக யோசிப்பார். இவர் மீண்டும் மீண்டும் போனார்.

வசதி படைத்தவரா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு ஸதகாவாக ஓர் ஆடு அனுப்பப்பட்டது. அதன் இறைச்சியில் ஒரு பங்கை அவர் ஆயிஷா (ரலி) வீட்டுக்கு அனுப்பி வைத்தார். நபியவர்களின் வீட்டில் அன்று சாப்பிட அதைத் தவிர வேறெதுவும் இல்லை!

ஹிஜ்ரி 8ல் நபிகளாரின் மகள் ஸைனப் (ரலி) மரணித்தபோது குளிப்பாட்டிய பெண்களில் இவர் முக்கியமானவர். தண்ணீரும் இலந்தை இலையும் கொண்டு ஒற்றைப்படையாகக் கழுவுங்கள், வலப்புறத்திலிருந்து தொடங்குங்கள், கடைசியில் கற்பூரம் சேருங்கள் என்று நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். முடித்ததும் தமது கீழாடையைக் கொடுத்து மகளின் உடலோடு ஒட்டிச் சுற்றச் சொன்னார்கள். கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னி பின்புறம் போட்டோம் என்கிறார் உம்மு அதிய்யா. ஒரு தகப்பனின் துக்கத்துக்குப் பக்கத்தில் நின்று கை நடுங்காமல் வேலை செய்தவர் அவர்.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். பிற்காலத்தில் அவருடைய மகன் பஸராவில் இருந்தார். மகனைக் காண அவர் விரைந்து பஸராவுக்குப் போகிறார். போய்ச் சேருவதற்குள் மகன் போய் விட்டார். எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டுப் போட்டவர். தன் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார அவருக்குக் கிடைக்கவில்லை.

என்ன செய்தார்? ஒப்பாரி வைக்க மாட்டோம் என்று நபியவர்களிடம் உறுதிமொழி கொடுத்தவர் அல்லவா? மகன் இறந்த மூன்றாம் நாள் மஞ்சள் நிற நறுமணத்தை வரவழைத்துப் பூசிக் கொண்டார். கணவனைத் தவிர மற்றவருக்காக மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் காப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டது என்றார். புகாரியில் இது இருக்கிறது. அழுகை வரவில்லை என்று யாரும் நினைக்காதீர்கள். பெற்ற வயிறு அது. பிறகு அதே பஸராவில் மய்யித்துக் குளிப்பாட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். இப்னு ஸீரீன் போன்ற மேதைகள் அவரிடமிருந்துதான் அதைக் கற்றார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பிரசவ வலி எடுத்த மகளை ஆட்டோவில் ஏற்றும்போதே "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்கிறோம். சரியான கேள்விதான். ஆனால் விடிய விடிய உங்கள் மகளின் கையைப் பிடித்துக் கொண்டு நிற்கிற நர்ஸ் யார் வீட்டுப் பெண்? பெரும்பாலும் ஒரு கிறிஸ்தவச் சகோதரி அல்லது இந்துச் சகோதரி. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். உங்கள் மகள் நர்சிங் படிக்கிறேன் என்றால் மட்டும் "நைட் டூட்டி பார்க்கிற பொண்ணை எவன் கட்டுவான்?" என்கிறீர்களே, இது என்ன நியாயம்? நைட் டூட்டி பார்க்கும் அந்தச் சகோதரிக்குத் தகப்பன் இல்லையா?

முக்காடு போட விடுவார்களா, பாதுகாப்பான விடுதி உண்டா என்று கேளுங்கள். அது நியாயமான கவலை. நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பேச ஜமாஅத்தும் நாமும் இருக்கிறோம். 2007ல் தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்த 3.5 சதவிகித இட ஒதுக்கீடு அரசு நர்சிங் கல்லூரி இடங்களுக்கும் பொருந்தும். கேட்டு வாங்கிய இடத்தில் உட்கார ஆள் வேண்டாமா?

பனிரெண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் 'பி.சி. முஸ்லிம்' சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். தாயும் மகளும் சேர்ந்தே வாருங்கள். வஸ்ஸலாம்.