வேதசாட்சி என்னும் சொல்லும் 1586-ஆம் ஆண்டின் உரைநடையும்



தொடக்கக் காலக் கிறித்தவப் புனிதர்களைப் பற்றி மொழியியலாளருக்குப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். சமயத்தைப் போதிப்பது நம் நோக்கமன்று. ஒரு சொல்லையும், அச்சொல்லைத் தமிழுக்குக் கொணர்ந்த உரைநடையையும் பற்றியே பேச வந்தோம்.

கொள்கைக்காக உயிர் நீத்தவரை ‘வேதசாட்சி’ என்று தமிழ்க் கிறித்தவர் நெடுங்காலம் வழங்கி வந்தனர். இன்று ‘மறைசாட்சி’ என்பர். ‘மார்த்திஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வழக்குமன்றத்தில் நின்று சான்றுரைப்பவர் என்பதே பொருள். சாவு என்னும் கருத்து அச்சொல்லில் பின்னரே ஏறியது. ஐரோப்பிய மொழிகள் பல கிரேக்கச் சொல்லை அப்படியே கடன்வாங்கியதால் அதன் வேர்ப்பொருள் அங்கு மறைந்தது. தமிழோ பொருளை மொழிபெயர்த்துக்கொண்டது. படிப்பறியாத ஒரு பாட்டியும் ‘சாட்சி’ என்ற அளவில் பொருளை உணர்ந்துகொள்வார்.

அச்சொல்லின் பொருத்தத்தைக் காண வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகருக்குச் செல்லவேண்டும். 180-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், சில்லியம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பன்னிருவர் அங்கே ஆளுநர் சாத்தூர்னினுசு முன் நிறுத்தப்பட்டனர். அவர்களின் விசாரணைக் குறிப்பே இலத்தீன் மொழியில் நமக்குக் கிடைத்துள்ள கிறித்தவ எழுத்துகளில் மிகப் பழையது எனலாம். அதில் அலங்காரம் இல்லை, அற்புதங்களும் இல்லை. ஆளுநர் கேட்கிறார், அவர்கள் விடை கூறுகின்றனர், தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்ற வினாவுக்கு, நூல்களும் பவுலின் கடிதங்களும் என்று விடை வருகிறது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 203-இல், அதே நகரில் பெர்பெத்துவா என்னும் இளம்பெண் சிறைப்பட்டார். வயது இருபத்திரண்டளவில், கையில் பால்குடி மறவாக் குழந்தை. சிறையிலிருந்தபோது தம் நிலையைத் தாமே எழுதிவைத்தார் என்பதே அவருடைய வரலாற்றின் தனிச்சிறப்பு. மனம் மாறுமாறு தந்தை மன்றாடியபோது, அருகிலிருந்த ஒரு பாத்திரத்தைச் சுட்டி, இதனை இதற்குரிய பெயரன்றி வேறு பெயரால் அழைக்க இயலுமா என்று கேட்டாராம். இயலாது என்றார் தந்தை. அவ்வாறே தானும் தான் யாரோ அப்பெயரன்றி வேறு பெயர் கொள்ள இயலாது என்றார் மகள். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறோம். இவ்வளவு விலை கொடுத்து அதைப் பேசியவர் எவரும் நம் பாடத்திட்டத்தில் இல்லை. அவர் எழுதிய இலத்தீன் எளிய இலத்தீன். சொல்லணி பயின்ற புலவர் நடையன்று. குழந்தையைப் பற்றிய கவலையும், சிறையின் இருட்டும் புழுக்கமும் அதில் நேரே வந்து நிற்கின்றன.

இத்தகைய வரலாறுகள் தமிழுக்கு வந்த கதையும் எளிய நடையின் கதையே. போர்ச்சுகல் நாட்டில் 1520-இல் பிறந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே அரை நூற்றாண்டளவு வாழ்ந்து, 1600-இல் மறைந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் அளித்தது, பதினாறே பக்கங்கள். தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. பரதவர் அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தனர் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குத் தவறாமல் சொல்லவேண்டும். முதல் தமிழ் அச்சுக்குக் கடலில் மூழ்கியவர்களின் காசும் சேர்ந்திருக்கிறது. எட்டே ஆண்டுகளில், 1586-இல், ‘புளோஸ் சாங்தோரும்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. பெயருக்குப் புனிதர்களின் மலர் என்பது பொருள். ‘அடியார் வரலாறு’ எனவும் அதனைக் குறிப்பர். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் உரைநடை அது.

தமிழ் உரைநடை வளர்ச்சியைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் உரையாசிரியர்களிலிருந்து ஒரே தாவலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடுகின்றன. இடையில் இத்துணைப் பெரிய நூல் நிற்பது ஏன் கண்ணில் படவில்லை? நூல் கிடைக்காமல் போனது ஒரு காரணம். தனிநாயகம் அடிகளார் 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அதைக் கண்டெடுத்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் பதிப்பித்தார். தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைப் பேராசிரியராக இருந்தவர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். 1679-இல் அச்சான புரோவென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை அதே 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபடியும் வெளிக்கொணர்ந்தவரும் அவரே. ஆகவே இது இம்மண்ணுக்கு அயலான செய்தியன்று.

மற்றொரு காரணத்தை நாம் சற்றுத் தயக்கத்துடனே சொல்கிறோம். அந்நூலின் தமிழ் கடற்கரைப் பேச்சை ஒட்டிய தமிழ். போர்ச்சுகீசியக் கடன்சொற்கள் கலந்த தமிழ். அதனை ‘இலக்கியத் தமிழ்’ என ஒப்ப நம் புலமைக்கு மனம் வரவில்லை.

நம் பெயர்களிலும் இவ்வரலாறு உறைந்திருக்கிறது. பவுலுக்குச் சின்னப்பர் என்று பெயர். ‘பாவுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். யோவானுக்கு அருளப்பர், எபிரேய மூலத்தில் இறைவனின் அருள் என்னும் கருத்து உண்டு. கல்லெறிபட்டு இறந்த முதல் வேதசாட்சி முடியப்பர். ‘ஸ்தெபனோஸ்’ என்பது கிரேக்கத்தில் முடி. இராயப்பர் என்பதைத் தெலுங்கின் ‘ராயி’, அதாவது கல், என்பதோடு இணைப்பர். பேதுருவுக்கும் பாறை என்றே பொருளாதலின் நமக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் பெயரும் ‘லாசர்’ என்பதன் மொழிபெயர்ப்பே. 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பவுல், யோவான், ஸ்தேவான் என மூலத்தை ஒட்டிய வடிவங்களே இடம்பெற்றன. அதற்கு நியாயம் உண்டு. ஆயினும் சின்னப்பன் என்னும் பெயருடைய மாணவன் ஒருவன், தன் பெயர் ‘பழைய காலத்துப் பெயர்’ என்பதால் மாற்றிக்கொள்ள விரும்புவதாக நம்மிடம் கூறியபோது, பெர்பெத்துவாவின் பாத்திரமே நம் நினைவுக்கு வந்தது. அவனுக்குப் பொருளைச் சொன்னோம். முடிவு அவனுடையது.

இறுதியாக நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் சிறுவராயிருந்தபோது, லயத்து வாசலில் பாட்டி செபஸ்தியார் கதை சொல்வார். “அம்பு அம்மாம் தைச்சும் உசுரு போகலப்பா, ஒரு மகராசி தூக்கிட்டுப் போயி காயத்துக்கு மருந்து போட்டுக் காப்பாத்துனா. எழுந்தவரு ஓடி ஒளியல, திரும்ப ராசா முன்னாடியே போயி நின்னாரு.” அக்கதையைப் பள்ளியில் கட்டுரையாக எழுதினோம், பாட்டியின் சொற்களிலேயே. தாள் முழுதும் சிவப்பு மை. அடிபட்ட கை பிற்காலத்தில் தானே சிவப்பு மை ஏந்தியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாமும் மாணவர் தாள்களில் அவ்வாறே கோடிட்டோம். 1586-ஆம் ஆண்டு நூலைப் பதிப்பில் முதன்முறை வாசித்தபோது, நம் பாட்டியின் வாக்கியங்களுக்கு உறவான வாக்கியங்கள் அதில் அச்சேறியிருக்கக் கண்டோம். அவற்றை வெட்டியிருந்தால் அந்நூலில் எஞ்சியிருக்கக்கூடியது சிறிதே.

தேர்வுத்தாளில் எழுத்துத் தமிழே வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோடிடுமுன், “இதை உனக்குச் சொன்னவர் யார்?” என்று பிள்ளையிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம். நாம் கேட்டதில்லை.

வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.